‘அழகு சிகிச்சை’ என்று எழுதும் முன்: மாறுகண் அறுவை பற்றி மருத்துவக் காப்பீட்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களில் சிகிச்சைக் கோரிக்கைகளைப் பார்த்து முடிவு சொல்லும் அதிகாரிகளுக்கும், அந்த முடிவில் கையெழுத்திடும் மருத்துவர்களுக்கும்,

‘அழகுக்கான சிகிச்சை. விலக்கு 08-இன் கீழ் அனுமதி இல்லை.’

பெரியவர்களின் மாறுகண் அறுவைக்கு முன் அனுமதி கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களுக்கு உங்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் பதில் இந்த ஒரு வரிதான். பெரும்பாலும் இது சாயங்காலத்தில் வருகிறது. மறுநாள் காலையில் அறுவை என்று நம்பி, திசையன்விளையிலிருந்தோ சிவகிரியிலிருந்தோ துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தவர், பையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறார். அப்படிப் போனவர்களில் பலர் மறுபடி வருவதில்லை.

நாங்கள் நெல்லைச் சீமையில் மாறுகண் சோதனை அறைகளில் வேலை செய்யும் கண் பரிசோதகர்கள். ப்ரிஸம் பட்டையை, அதாவது ஒளியை வளைக்கும் கண்ணாடிப் பட்டையை, கண்ணுக்கு முன்னால் பிடித்து, ஒரு கண்ணை மூடித் திறந்து, விலகல் எவ்வளவு என்று அளந்து எழுதுவது எங்கள் வேலை. அந்த எண்கள் நீங்கள் பார்க்கும் காகிதத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்தவர் ‘அழகு’ என்று எழுத முடியாது என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில் நீங்கள் காட்டும் விதி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விலக்குப் பட்டியலில் 08 என்பது தோற்றத்தை மாற்றும் சிகிச்சையைப் பற்றியது. ஆனால் அந்த விதியில் இன்னும் இரண்டு பகுதிகள் உண்டு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் சீரமைக்கச் செய்வது விலக்கில் சேராது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் மருத்துவத் தேவையும் சேராது; அந்தத் தேவைக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் சான்று தர வேண்டும். உங்கள் பதில்களில் முதல் பகுதி மட்டும் வருகிறது. பைக்கிலிருந்து விழுந்து கண் நரம்பு செயலிழந்தவரின் விண்ணப்பத்துக்கும் அதே 08 வருகிறது. விபத்துக்குப் பின் சீரமைப்பது விலக்கில் சேராது என்று அந்த விதியே பெயர் சொல்லி விட்டுவைத்த ஆள் அவர்.

நோய் என்றால் என்ன என்பதற்கும் ஆணையத்தின் வரையறை இருக்கிறது: உடலின் இயல்பான இயக்கத்தைக் குறைக்கிற, சிகிச்சை தேவைப்படுகிற நிலை. இரண்டு கண்ணும் ஒரே பொருளைப் பிடிக்க வேண்டும், மூளை இரண்டு படத்தையும் ஒன்றாக்க வேண்டும். இது உடலின் இயல்பான இயக்கம். மாறுகண்ணில் கெடுவது இதுதான். நோய்களுக்கு எண் தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 குறியீட்டில் நரம்பு செயலிழந்து வரும் மாறுகண்ணுக்கு எச் 49, மற்ற மாறுகண்ணுக்கு எச் 50, இரட்டைப் பார்வைக்கு எச் 53.2. மூன்றும் கண் நோய்கள் அத்தியாயத்தில் இருக்கின்றன. தோற்றத்துக்காகச் செய்யும் பிளாஸ்டிக் அறுவைக்கு வேறு அத்தியாயத்தில் இசட் 41.1 என்று தனி எண்ணே உண்டு. எச் 49 என்று எழுதிப் போகிற விண்ணப்பத்தை இசட் 41.1 போல வாசிப்பது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்கிறோம்.

இனி எங்கள் எண்கள். விலகலை ப்ரிஸம் டயாப்டரில் அளக்கிறோம். ஒரு ப்ரிஸம் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் விலகல். விண்ணப்பத்தில் ‘20 ப்ரிஸம், இரட்டைப் பார்வை உண்டு’ என்று இருந்தால், அதைச் சாலையில் வைத்துப் பாருங்கள். வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவைக் கடக்க நிற்பவருக்கு 20 மீட்டரில் ஒரு பஸ் வருகிறது. நாலு மீட்டர் பக்கத்தில் அதே பஸ் இன்னொன்றும் வருகிறது. நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலமே மூன்றரை மீட்டர்தான். பஸ் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், எது நிஜ பஸ் என்று முடிவு செய்ய அவருக்கு இருப்பது இரண்டு வினாடி. இதற்கு அவர் கண்டுபிடிக்கும் வழி ஒரு கண்ணைப் பொத்திக்கொள்வது. படம் ஒன்றாகும். ஆனால் அந்தப் பக்கத்துப் பார்வையும், எது கிட்டே எது தூரம் என்கிற கணக்கும் அதோடு போய்விடும். உடன்குடிப் பக்கம் பனை ஏறிப் பாளை சீவுகிறவருக்கு இந்தக் கணக்கு போனால் அருவாள் எங்கே இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘இரட்டைப் பார்வை’ என்று ஒரே பெயரில் எழுதினாலும், எந்தத் தசை கெட்டது என்பதைப் பொறுத்து வாழ்க்கையில் அது தாக்கும் இடம் மாறும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு தசைகள். வெளிப்பக்கத் தசைக்கு ஆறாம் நரம்பு, மேல் சாய்தசைக்கு நான்காம் நரம்பு, மற்ற நான்குக்கும் மூன்றாம் நரம்பு.

நான்காம் நரம்பு மெலிந்தது. மூளைத்தண்டின் பின்பக்கத்தில் கிளம்பி, மண்டைக்குள் நெடுந்தூரம் சுற்றி வருவது. அதனால் தலையில் அடிபட்டால் எளிதில் சேதமாகிறது. நாலுவழிச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவர்களில் இதை நிறையப் பார்க்கிறோம். எலும்பு முறிவும் தையலும் ஆறிவிடும். வீட்டுக்குப் போன பிறகுதான் ‘ஒண்ணுக்கு மேல ஒண்ணாத் தெரியுது’ என்பார்கள். இதில் நேரே பார்த்தால் தொந்தரவு குறைவு; கீழே பார்க்கும்போதுதான் மிகுதி. மாடிப்படி இறங்குவது, இலையில் சோறு பிசைவது, செல்போன் பார்ப்பது எல்லாம் கீழ்ப்பார்வை வேலை. முக்கூடல், ஆலங்குளம், கீழப்பாவூர், மேலப்பாளையம் ஊர்களில் பீடி சுற்றும் பெண்களுக்கு நாள் முழுவதுமே கீழ்ப்பார்வைதான். மடியில் தட்டு, இலையை அளவுக்கு வெட்ட வேண்டும், தூளை வைத்துச் சுருட்ட வேண்டும், நுனியை மடித்து நூலால் கட்ட வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. இலை இரண்டாகத் தெரிந்தால் கத்தரி எந்த ஓரத்தில் போகும்? படத்தை ஒன்றாக்க அவர்கள் தலையைத் தோள் பக்கம் சாய்த்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் கழுத்து வலி. வாய்வுப் பிடிப்பு என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்த பிறகு எங்களிடம் வருகிறார்கள். இவர்களுடைய விண்ணப்பத்தில் நேர்ப்பார்வை விலகல் ‘6 ப்ரிஸம்’ என்று சிறிதாக இருக்கலாம். முகத்தைப் பார்த்தால் மாறுகண் என்றே தெரியாது. வெளியே தெரியாத ஒன்றைச் சரிசெய்வது எப்படி அழகு சிகிச்சை ஆகும்?

ஆறாம் நரம்பு வேறு மாதிரி. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு, நரம்புக்குப் போகும் சிறு ரத்தக் குழாய் அடைபட்டு ஒரு நாள் காலையில் வரும். தூரத்தில் பக்கம் பக்கமாக இரண்டு தெரியும். கிட்டத்தில் குறையும், சிலருக்கு ஒன்றாகவே தெரியும். அதனால்தான் ‘நோயாளியால் படிக்க முடிகிறது, பார்வை 6/6’ என்று சொல்லி நீங்கள் விண்ணப்பத்தை மூடுவது தவறு. 6/6 என்பது ஒவ்வொரு கண்ணையும் தனியாக, மற்றதை மூடிவிட்டு எடுக்கும் அளவு. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

தைராய்டு கோளாறோடு வருவது மூன்றாவது வகை. பெரும்பாலும் கீழ்த்தசை முதலில் வீங்கி இறுகும். கண் மேலே ஏறாது. பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்க்க முகத்தையே அண்ணாந்து தூக்குவார்கள். புகை பிடித்தால் இது மோசமாகும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக, நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறோம். இரண்டாகத் தெரிந்தால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அப்போதும் இரண்டாகத் தெரிந்தால் கோளாறு திறந்திருக்கும் கண்ணுக்குள்ளேயே இருக்கலாம். புரையோ கண்ணாடிப் பவரோ காரணமாகலாம். ஒன்றாகிவிட்டால் இரு கண்ணின் ஒத்துழைப்பில் கோளாறு. இமை தொங்கி, கண் பாப்பா விரிந்து, தலைவலியோடு திடீரென இரட்டையாகத் தெரிந்தால் மூன்றாம் நரம்பை மூளை ரத்தக் குழாயின் வீக்கம் ஒன்று அழுத்தக்கூடும். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்கக் கூடாது.

மறுபடி உங்களிடம். ‘விபத்து தை மாதம், அறுவை ஆடி மாதம், அவசரமாக இருந்தால் ஏன் ஆறு மாதம் காத்திருந்தார்கள்?’ என்று கேட்டுச் சில விண்ணப்பங்களைத் திருப்புகிறீர்கள். அந்தக் காத்திருப்பு மருத்துவம் விதிக்கிற காத்திருப்பு. சர்க்கரையால் செயலிழந்த நரம்பு பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்தில் தானாகவே மீண்டுவிடும். அடிபட்ட நரம்புக்கும் ஆறு மாதமாவது தர வேண்டும். தைராய்டு வகையில் வீக்கம் அடங்கி, அளவுகள் ஆறு மாதம் மாறாமல் நிற்க வேண்டும். இடையில் அறுத்தால், நரம்பு மீண்டதும் கண் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். அதனால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை வரவழைத்து அளந்து, ஒரே எண் வருகிறதா என்று பார்க்கிறோம். அந்த மாதங்களில் அவர்கள் சும்மா இருப்பதில்லை. கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டித் தருவோம். அல்லது ப்ரிஸம் ஒட்டுத்தாள். மெல்லிய பிளாஸ்டிக், 40 ப்ரிஸம் வரை கிடைக்கும், ஆனால் பவர் கூடக்கூட எழுத்து மங்கும், கோடுகள் தெரியும். கண்ணாடியிலேயே கடைந்த ப்ரிஸம் தெளிவானது. இரு பக்கமும் பிரித்துப் போட்டால்கூடப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போனால் கண்ணாடி கனத்து, ஓரம் தடித்துவிடும். மேலும் ப்ரிஸம் ஒரு திசைக்கான அளவைத்தான் சரிசெய்யும். நேரே பார்க்க 15, வலப்பக்கம் பார்க்க 35 என்று மாறுபவருக்கு எந்த ஒற்றைக் கண்ணாடியும் உதவாது. அவருக்கு அறுவைதான் வழி.

இதுவரை சொன்னது வளர்ந்த பிறகு வந்த மாறுகண். உங்கள் மறுப்புகள் அதிகம் விழுவது சிறு வயதிலிருந்தே மாறுகண் உள்ளவர்கள்மேல். அதிலும் ஒரு சொல்லால் விழுகின்றன. விண்ணப்பத்தில் ‘எப்போதிருந்து’ என்ற கட்டத்துக்கு விவரம் கேட்டால் எங்கள் ஊரில் அம்மாக்கள் ‘பொறந்ததுலேருந்தே இருக்கு’ என்பார்கள். விவரம் தெரிந்த நாள் முதல் என்பதுதான் அந்தப் பேச்சுக்குப் பொருள். ஆஸ்பத்திரி மேசையில் உட்கார்ந்திருப்பவர் அதை ‘பிறவிக் கோளாறு’ என்று எழுதுகிறார். நீங்கள் ‘வெளியே தெரியும் பிறவிக் குறை’ என்ற விலக்கைப் போட்டுவிடுகிறீர்கள். மாறுகண்ணில் பெரும்பகுதி பிறக்கும்போது இருப்பதில்லை. தூரப்பார்வைப் பவர் அதிகமுள்ள குழந்தை, கிட்டத்தில் உற்றுப் பார்க்கப் பழகும் இரண்டு மூன்று வயதில்தான் கண் உள்ளே சாயத் தொடங்கும். அவ்வப்போது வெளியே ஓடும் மாறுகண் பள்ளி வயதில் கவனத்துக்கு வரும். பழைய குடும்பப் புகைப்படம் ஒன்று போதும், பிறவியா இல்லையா என்று காட்ட. ஆனால் அதை யாரும் கேட்பதில்லை.

சிறு வயதில் ஏன் சிகிச்சை எடுக்கவில்லை என்ற கேள்வியும் வருகிறது. ‘மாறுகண் அதிர்ஷ்டம், கை வைக்காதே’ என்று வீட்டிலும் தெருவிலும் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். பிறகு, இருபது முப்பது வயதில் விசாரிக்கப் போனால், ‘அஞ்சு வயசுல வந்திருக்கணும், இனிப் பிரயோஜனம் இல்ல’ என்று எங்கள் துறையிலேயே சிலர் திருப்பி அனுப்புகிறார்கள். உங்கள் நிறுவனங்களில் கையெழுத்திடும் மருத்துவர்களும் அதையே நம்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டு விஷயங்கள் இதில் குழம்பிக் கிடக்கின்றன. சோம்பேறிக் கண், அதாவது பயன்படாமல் பார்வை வளராது போன கண், ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை எடுத்தால்தான் நன்றாகத் திரும்பும். கண்ணை நேராக்குவதற்கு அப்படி வயது வரம்பு கிடையாது. எழுபது வயதிலும் செய்யலாம். நேராக்கிய பிறகு, சிறு வயதிலிருந்து மாறுகண் உள்ள பெரியவர்களிலும் பலருக்கு இரு கண் ஒத்துழைப்பு ஓரளவு கிடைக்கிறது. எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். யாருக்குக் கிடைக்கலாம், யாருக்கு நேராக்கினால் புதிதாக இரட்டைப் பார்வை வரலாம் என்பதை அறுவைக்கு முன்பே ப்ரிஸம் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். கண் உள்ளே சாய்ந்தவர்களுக்கு இன்னொரு பலனும் உண்டு: சுருங்கியிருந்த பக்கவாட்டுப் பார்வை விரியும். வலப்பக்கத்திலிருந்து வரும் சைக்கிளும் மாடும் முன்னைவிடச் சீக்கிரம் கண்ணில் படும்.

‘இவருக்கு இரட்டைப் பார்வை இல்லையே’ என்பீர்கள். மூளை ஒரு கண்ணின் படத்தை அழுத்தி வைத்திருப்பதால்தான் இல்லை. அதற்கு விலை உண்டு: ஆழம் தெரியாது, வாசித்தால் சீக்கிரம் அயர்ச்சி, வெயிலில் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். மீதி விலை மனிதர்களுக்கு நடுவில். ஜவுளிக்கடையில் சேலையை விரித்துப் பேசும்போது, எதிரே நிற்பவர் திரும்பிப் பின்னால் பார்த்துவிட்டு ‘யாரப் பாத்துப் பேசுதிய?’ என்கிறார். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் பேசும் வேலையில் இது எத்தனை முறை நடக்கும் என்று கணக்கிடுங்கள். பேசும்போது முகத்தைத் தாழ்த்துவது, புகைப்படத்தில் ஒதுங்கி நிற்பது, பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் கறுப்புக் கண்ணாடி தேடுவது, வகுப்பெடுக்கத் தகுதி இருந்தும் அலுவலக அறைக்குள் இருக்கிற வேலையாகப் பார்த்துக் கேட்பது. இவற்றை அழகு ஆசை என்று பெயர் வைத்து ஒதுக்குவது எங்களால் ஏற்க முடியாதது. கண் என்பது பார்ப்பதற்கு மட்டுமான உறுப்பு இல்லை, மனிதர்கள் பேசிக்கொள்வதும் அதன் வழியாகத்தான். ஒரே ஆளின் படத்தைக் கணினியில் நேர்க்கண்ணாகவும் மாறுகண்ணாகவும் மாற்றி, வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்ட ஓர் ஆய்வு 2000-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மாறுகண் காட்டிய பெண்களின் படங்களுக்கு மதிப்பெண் குறைந்தது.

வெளியூர் ஆய்வு வேண்டாம் என்றால், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர்களைக் கேளுங்கள். மத்தியக் காவல் படைகளுக்கான காவலர் தேர்வு அறிவிப்பில் முட்டிதட்டுதல், தட்டைப் பாதம், நாளப் புடைப்பு ஆகியவற்றோடு மாறுகண்ணும் மருத்துவத் தகுதியின்மையாக அச்சாகியிருக்கிறது. வேலை மறுக்கும்போது அது மருத்துவக் குறை. சிகிச்சைக்குப் பணம் கேட்கும்போது அது அழகுப் பிரச்சினை. ஊனச் சான்றிதழும் கைகொடுக்காது. ஒரு கண் முழுவதும் பார்வை இழந்தவருக்கே, மற்ற கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். சலுகைகளுக்கு வேண்டியது 40. இரட்டைப் பார்வையோடு சாலை கடக்க முடியாமல் நிற்பவரை அந்த அட்டவணை முழுப் பார்வை உள்ளவர் என்றே கணக்கெடுக்கும்.

வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. பெரியவர்களின் மாறுகண்ணுக்கென்றே மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஏஎஸ்-20 என்னும் வினாத்தாள். இருபது கேள்விகள்: பத்து மனம், மற்றவர்களோடு பழகுவது பற்றியவை, பத்து அன்றாட வேலை பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 100, ‘அரிதாக’ 75, ‘சில நேரம்’ 50, ‘அடிக்கடி’ 25, ‘எப்போதும்’ 0. சராசரி எடுத்தால் நூற்றுக்கு இவ்வளவு என்று வரும். காத்திருக்கும் பெஞ்சிலேயே கேட்டு எழுதிவிடலாம். அறுவைக்கு முன்பும் சில வாரம் கழித்தும் கேட்டால், பணம் எதற்குப் போனது என்பது உங்கள் கோப்பிலேயே தெரியும்.

அறுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘திருத்தம்’ என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தை மெருகேற்றுவது போல நினைத்துக்கொள்கிறீர்கள். உட்பக்கத் தசை கருவிழி ஓரத்திலிருந்து 5.5 மில்லிமீட்டரிலும், வெளிப்பக்கத் தசை 6.9 மில்லிமீட்டரிலும் ஒட்டியிருக்கின்றன. உள்ளே 15 ப்ரிஸம் சாய்ந்திருந்தால் இரு கண்ணிலும் உட்தசையை 3 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தித் தைப்பது வழக்கமான கணக்கு. 50 ப்ரிஸம் என்றால் 6 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் பிசகினால் ஏறக்குறைய 5 ப்ரிஸம் பிசகும். பெரியவர்களுக்கு முடிச்சை இறுக்காமல் நழுவுமுடிச்சாக விட்டு, மயக்கம் தெளிந்ததும் ‘இப்போது ஒன்றாகத் தெரிகிறதா’ என்று கேட்டு, ஒரு நாளுக்குள் இழுத்தோ தளர்த்தியோ இறுதி செய்யும் முறையும் உண்டு. ஒரே கண்ணில் இரண்டு நேர்தசைகளுக்கு (மேல், கீழ், உள், வெளிப்பக்கத் தசைகள்) மேல் ஒரே அமர்வில் தொட மருத்துவர்கள் தயங்குவார்கள். கண்ணின் முன்பகுதிக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தத் தசைகள் வழியாகத்தான் போகிறது. பெரிய விலகல்களுக்கு இரண்டாம் அறுவை கேட்கப்படுவது இதனாலும்தான். இரண்டாவது விண்ணப்பத்தைக் கண்டதும் ‘முதல் முறை திருப்தி இல்லை போலும்’ என்று மறுக்காதீர்கள்.

தசையைத் தளர்த்தும் ஊசி மருந்தான போடாக்ஸின் பெயரைப் பார்த்ததுமே சிவப்பு மை எடுப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் 1989-இல் அந்த மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும். முகச் சுருக்கத்துக்கு அனுமதி வந்தது 2002-இல்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. ‘மாறுகண் திருத்தம்’ என்று இரண்டே சொல்லில் அனுப்பப்படும் விண்ணப்பங்கள் இருக்கின்றன. நோயாளி ‘பாக்க நல்லா இல்ல சார்’ என்றதை அப்படியே காரணமாக எழுதுவதும் நடக்கிறது. இனி எங்கள் விண்ணப்பங்களில் ஆறு மீட்டரிலும் 33 சென்டிமீட்டரிலும் எடுத்த விலகல், ஒன்பது திசைப் புகைப்படம், எந்தத் திசையில் இரட்டையாகிறது, தலைச் சாய்வு, ப்ரிஸம் போட்டுப் பார்த்த முடிவு, தொடங்கிய வயது, ஏஎஸ்-20 மதிப்பெண் ஆகியவை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். அவற்றைப் படிக்க வேண்டியது உங்கள் கடமை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

எச் 49, எச் 50, எச் 53.2 குறியீட்டோடு, அளந்த எண்களோடு வரும் எந்த விண்ணப்பத்தையும் விலக்கு 08-ஐக் காட்டி மறுப்பதை நிறுத்துங்கள். மறுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், அதற்கு முன் மாறுகண் பயிற்சி பெற்ற ஒரு கண் மருத்துவர் அதைப் படித்திருக்க வேண்டும். எலும்பு மருத்துவரோ பொது மருத்துவரோ இதில் முடிவு சொல்வது சரியில்லை.

படிவத்தில் ‘எப்போதிருந்து’ என்ற கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்: பிறக்கும்போதே இருந்தது என்று மருத்துவப் பதிவு உண்டா, இல்லையென்றால் கவனித்த வயது என்ன. பதிவு இல்லாமல் ‘பிறவி’ என்ற விலக்கைப் போடக் கூடாது.

விபத்துக்கும் அறுவைக்கும் இடையிலான மாதங்களைச் சிகிச்சைக் காலமாகவே கணக்கிடுங்கள். கண் தசைக்குப் போடும் போடாக்ஸை, எந்தத் தசை, எவ்வளவு அலகு என்று எழுதியிருந்தால், அழகுப் பட்டியலிலிருந்து எடுங்கள்.

மறுப்புக் கடிதத்தைத் தமிழிலும் கொடுங்கள். விதியின் முழு வாசகமும் அதில் இருக்க வேண்டும். பாதி வாசகம் போதாது. கோரிக்கை மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் மறுக்கக் கூடாது என்று ஆணையம் 2024-இல் சொல்லிவிட்டது; அந்தக் குழு பார்த்ததா, என்ன காரணம் சொன்னது என்பதும் வேண்டும். உங்களிடம் முறையிட்டு ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ பதிலில் உடன்பாடு இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் போகலாம் என்பதையும் அதன் முகவரியையும் அந்தக் கடிதத்திலேயே அச்சிடுங்கள். முடிவு எதுவானாலும், ஆள் ஊரிலிருந்து பஸ் ஏறும் முன் சொல்லுங்கள்.

‘அழகு’ என்றும் ‘பிறவி’ என்றும் திருப்பி அனுப்பிய பெரியவர்களின் மாறுகண் விண்ணப்பங்களை மறுபடி எடுங்கள். அந்த அளவுகள் எங்கள் பதிவேடுகளில் இருக்கின்றன. கேட்டால் அன்றைக்கே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையின் மாறுகண் சோதனை அறைகளில் வேலை செய்யும் கண் பரிசோதகர்கள்